பயனும் வடிவும் ஒன்றெனக் கண்ட கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கொழும்பு 7 இல் நகர மண்டபத்தை அண்டி ஓடும் வீதியொன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என அழைக்கப்படுகின்றது. நாளாந்தம் அவ்வழியே செல்லும் ஆயிரக்கணக்கானோரில் அப்பெயருக்குரியவர் யாரென அறிந்தோர் மிகச் சிலரே. அறிந்தோரும் சிவநடனத்தைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர் என்ற அளவிலே நின்றுவிடுவர். ஆனால் நாம் உண்ணும் சட்டியிலும் குடிக்கும் கிண்ணத்திலும் ஒரு சமுதாயத்தின் முழு வாழ்வும் அடங்கியுள்ளது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய ஒருவர் என்ற வகையில் அவரை நாம் நினைவுகூர்வதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேர் கொண்ட ஒரு குடும்பத்தின் வாரிசு அவர் என்பதனால், இந்த மறதி எம்மைப் பொறுத்தவரை இருமடங்கு குறையாகும்.

பருத்தித்துறையை அடுத்த கெருடாவில் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் ஆறுமுகம்பிள்ளையின் மைந்தரான குமாரசுவாமி முதலியார். கொழும்பிலே உயர்ந்த நிலையை அடைந்து, அன்றைய சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாகவும் அமர்ந்தவர். இவருடைய மகனே சேர் முத்துக்குமாரசுவாமி. இலண்டனில் பாரிஸ்டராகி, 1874 இல் பிரித்தானிய முடியின் சேர் பட்டத்தைப் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் புதல்வர்களாவர்.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயப் பெண்மணியான எலிசபெத் கிளே பீபிக்கும் 1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பிலே பிறந்தவர் ஆனந்தர். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்னரே, 1879 மே மாதத்தில் தந்தையார் காலமானார். தாயாருடன் இங்கிலாந்திலே வளர்ந்த ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். தந்தையின் மொழியையோ ஊரையோ அறியாது வளர்ந்த ஒருவர் பின்னாளில் கீழைத்தேயக் கலையின் பெரும் வழக்கறிஞராக மாறியது வியப்புக்குரியது. அந்த மாற்றம் நூல்நிலையத்தில் நிகழவில்லை. இலங்கையின் கிராமத்துப் பாதைகளிலேயே நிகழ்ந்தது.

1903 இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக அவர் இங்கு வந்தார். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மலைநாட்டுக் கிராமங்களூடாகப் பயணம் செய்து பாறைகளை ஆராய்ந்தார். தோரியனைற் என்னும் புதிய கனிப்பொருளை இனங்கண்டு உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பாறைகளைத் தேடிச் சென்ற அவருடைய கண்கள், வழியிலே குயவரின் சக்கரத்தையும் தட்டாரின் உலையையும் பாய் பின்னும் பெண்களின் விரல்களையும் கண்டன. கூடவே, அந்தக் கைத்தொழில்கள் இறந்துகொண்டிருப்பதையும் கண்டன. மலிவான ஐரோப்பிய இறக்குமதிப் பொருட்கள் கிராமச் சந்தைகளை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. படித்த இலங்கையர் தம் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்து வெட்கமுற்று, மேலைத்தேயப் பண்டங்களைப் பெருமையுடன் வாங்கிக்கொண்டிருந்தனர். இதனைக் கண்டு வருந்திய அவர், 1906 இல் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். அதே ஆண்டில் அரச பதவியைத் துறந்தார்.

அவருடைய முதல் மனைவியான எதெல் பாட்ரிட்ஜ் இப்பயணங்களில் உடன் சென்று, கைவினைஞரையும் அவர்களது ஆக்கங்களையும் புகைப்படம் பிடித்தார். இவ்வாறு திரட்டியவற்றைக் கொண்டு 1908 இல் வெளியிடப்பட்டதே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். கண்டி இராச்சியத்தின் கட்டடக் கலை, ஓவியம் என்பவற்றோடு மட்பாண்டம், அரக்கு வேலை, பாய், நெசவு, பூட்டு, கத்தி ஆகியவற்றுக்கும் அந்நூல் அதே மதிப்பை வழங்கியது. இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கை அச்சு இயந்திரத்தில், குமாரசுவாமியின் நேரடி மேற்பார்வையில் 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. கைத்தொழிலைப் பற்றிய நூல் கைத்தொழிலாகவே அமைய வேண்டும் என்பதில் அவர் அத்துணை பிடிவாதமாக இருந்தார்.

இந்த வாழ்க்கைக்கும் யப்பானுக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவக்கூடும். குமாரசுவாமி தேடிய உண்மையை ஒரே பொருளில் கைமேல் வைத்துக் காட்டக்கூடியது யப்பானியரின் தேநீர்க் கிண்ணமேயாகும். ஆகவே அதனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

யப்பானியத் தேநீர்ச் சடங்கிலே தேயிலைத் தூளைக் கிண்ணத்திலிட்டு, சுடுநீர் வார்த்து, மூங்கிலாலான சிறு மத்தினால் நுரை எழக் கலக்கிப் பருகுவர். எனவே அக்கிண்ணம் குடிக்கும் பாத்திரமாக மட்டுமன்றி, தேநீர் ஆக்கப்படும் பாத்திரமாகவும் அமைந்துள்ளது. மத்துச் சுழல்வதற்கு அடிப்பகுதி அகன்று வளைந்திருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்த வேண்டுமாதலால், சூடு கையைத் தாக்காதவாறு சுவர் தடித்தும், மண் நுண்துளைகள் கொண்டும் இருக்க வேண்டும். உதடு படும் விளிம்பு மென்மையாக இருக்க வேண்டும். விரல்கள் பற்றுவதற்கு அடியிலே ஒரு வளையம் வேண்டும். குளிர்காலத்தில் சூடு தங்குவதற்கு ஆழமான கிண்ணமும், கோடையில் சூடு விரைவில் ஆறுவதற்கு அகன்று ஆழம் குறைந்த கிண்ணமும் பயன்படுத்தப்படுகின்றன. அழகென நாம் வியக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு தேவை நிற்கின்றது.

இச்சடங்கை எளிமையின் உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் 1522 முதல் 1591 வரை வாழ்ந்த ஸென் நோ ரிக்கியூ ஆவார். அவருடைய விருப்பத்துக்கமையக் கிண்ணங்களை வனைந்த சோஜிரோ, ஓடு செய்யும் தொழிலுடன் தொடர்புடையவர். சக்கரத்தைத் தவிர்த்து, கையாலேயே மண்ணைத் திரட்டிக் குறைந்த வெப்பத்தில் சுட்ட ராக்கு வகைக் கிண்ணங்கள் இவ்வாறே தோன்றின. யப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்றாகப் போற்றப்படும் கிசாயெமோன் என்ற கிண்ணத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. கியோட்டோ நகரின் மடாலயமொன்றில் பேணப்படும் அது, கொரியாவிலே பெயர் தெரியாத குயவர் ஒருவர் வனைந்த சாதாரணப் பாத்திரம். அழகுப் பொருளொன்றைச் செய்கின்றோம் என்ற எண்ணமின்றி அவர் செய்ததனாலேயே அது அழகாயிற்று என விளக்கினார் யப்பானிய அறிஞர் யனகி சோயெட்சு. 1931 இல் அக்கிண்ணத்தை நேரிற் கண்ட அவர், மக்கள் கைவினைக்கென 1936 இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார்.

யனகியின் இயக்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, கண்டி நாட்டுக் குயவரையும் தட்டாரையும் முன்வைத்து ஆனந்த குமாரசுவாமி ஏறக்குறைய இதே கருத்தைக் கூறிவிட்டார். இருவருக்கும் இடையே மறைமுகமானதொரு பாலமும் உண்டு. குமாரசுவாமியைப் பிரிந்த பின்னர் எதெல், மெய்றே என்ற பெயருடன் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்திலே புகழ்பெற்ற நெசவாளராக விளங்கினார். இலங்கையிலும் இந்தியாவிலும் அவர் கண்ட கைநெசவும் இயற்கைச் சாயமும் அவருடைய தொழிலுக்கு அடித்தளமாயின. யனகியின் நண்பர்களான குயவர் ஷோஜி ஹமாடாவும் பேர்னாட் லீச்சும் 1921 இல் அவரது இல்லத்துக்குச் சென்றனர். கையால் நெய்த துணியும் நாட்டுப்புறக் குயவரின் பாத்திரங்களும் நாளாந்த வாழ்வில் இயல்பாகக் கலந்திருந்த அவ்வீடு இளைஞரான ஹமாடாவின் மனதில் ஆழப் பதிந்தது. பின்னர் தாயகம் திரும்பிய அவர், மாஷிகோ என்ற குயவர் கிராமத்தைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார்.

குமாரசுவாமியின் பாதையோ வேறு திசையிற் சென்றது. இந்தியாவில் தாகூர் குடும்பத்தினருடன் நெருங்கிப் பழகி, இராஜபுத்திர ஓவியங்களைத் தேடித் திரட்டினார். தமது சேகரிப்பைக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைப்பதற்கு வழங்க முன்வந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயருக்காகப் போரிட மறுத்த நிலையில் அமெரிக்காவுக்குச் சென்றார். 1917 இல் அவருடைய சேகரிப்பும் அவரும் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தனர். எமது மண்ணில் இடம் கிடைக்காத செல்வம் அந்நிய மண்ணில் அடைக்கலம் பெற்றது. தேநீரைப் பற்றி 1906 இல் ஆங்கில நூலொன்றை எழுதி மேலுலகைக் கவர்ந்த ஒகாகுரா ககுஸோ, சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே நிறுவனத்தின் சீன யப்பானியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1892 இல் பெறப்பட்ட மோர்ஸ் சேகரிப்பைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான யப்பானிய மட்பாண்டங்களும் அங்கே இருந்தன. அவற்றின் அருகிலேயே குமாரசுவாமி தமது வாழ்வின் எஞ்சிய முப்பது ஆண்டுகளையும் கழித்தார்.

முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பக்கமொன்றும் இவ்வாழ்வில் உண்டு. பொஸ்டன் சேகரிப்பின் மொகலாய ஓவியங்களுக்கு 1930 இல் விரிவான விவரண நூலைத் தயாரித்தவர் குமாரசுவாமியே. பாரசீக, மொகலாயக் கலை மரபில் ஹிழ்ர் நபியும் ஜீவ ஊற்றும் பெறும் இடத்தை ஆராய்ந்து தனிக்கட்டுரையும் வரைந்தார். ஹிழ்ர் நபியின் பெயரோடு இணைந்த பள்ளிவாசல் கதிர்காமத்திலே இன்றும் இருப்பதை எம்மவர் அறிவர். இஸ்லாத்தைத் தழுவி அப்துல் வாஹித் யஹ்யா என்ற பெயருடன் கெய்ரோவில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ரெனே கெனோனுடன் அவர் நீண்டகாலம் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் இஸ்லாம் விலக்கியுள்ளது. முஸ்லிம் நாடுகளில் மண்ணும் பளபளப்புப் பூச்சும் கொண்ட பாத்திரக் கலை உன்னதம் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதும் வரலாற்றாசிரியர்கள் உளர். எளிய மண்ணுக்கு மேன்மையளிக்கும் நோக்கு ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியதன்று.

குமாரசுவாமி பிற்காலத்தில் எழுதிய கட்டுரைகளில் வலியுறுத்திய கருத்தொன்று எமக்கு மிக நெருக்கமானது. அலங்காரம் என்ற சொல் ஆதியில் வெறும் மேற்பூச்சைக் குறிக்கவில்லை என்றும், ஒரு பொருளைத் தன் பணிக்குப் போதுமானதாக ஆக்குவதையே குறித்தது என்றும் அவர் நிறுவினார். தமிழிலே இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கலம் என்ற சொல் பாத்திரத்தையும் குறிக்கின்றது, அணிகலத்தையும் குறிக்கின்றது. பணி என்பது தொழிலாகவும் ஆபரணமாகவும் பொருள்படும். பயனையும் அழகையும் வேறு பிரிக்காத மக்களின் மொழியிலேதான் இத்தகைய சொற்கள் பிறக்க முடியும்.

இந்த நோக்குடன் எமது யாழ்ப்பாணத்து வீடுகளைத் திரும்பிப் பார்ப்போம். பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்க்கப்பட்டு, ஒரு பக்கத்தில் மூக்கு நீண்ட மூக்குப்பேணி, உதடு படாமல் அண்ணாந்து பருகுவதற்கென வடிவமைக்கப்பட்டது. பனங்குருத்தோலையில் மடித்துக் கட்டிய பிளா, கொதிக்கும் கூழின் சூட்டைக் கைக்கு விடாமலும், கூழுக்குத் தன் மணத்தைச் சேர்த்தும் பயன் தருவது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் கூம்பு வடிவம் ஆவியை மாவினூடாக மேலே செலுத்துவதற்கானது. கடகமும் சுளகும் குட்டானும் அவ்வாறே தத்தம் வேலையினால் வடிவு பெற்றவை. யப்பானியக் கிண்ணத்துக்கு நாம் அளித்த விளக்கம் இவை ஒவ்வொன்றுக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் கிசாயெமோன் கிண்ணம் ஐந்து பெட்டிகளுக்குள் காக்கப்படுமளவுக்கு மதிக்கப்பட்டது. எமது மூக்குப்பேணிகளோ பழைய பித்தளையாக நிறுத்து விற்கப்பட்டன.

எனினும் இங்கே நாம் உண்மையை மறைத்தல் ஆகாது. பாத்திரத்தின் வடிவம் தேவையிலிருந்து பிறக்கின்றது என்றால், அந்தத் தேவை எப்போதும் நல்லதாக இருந்ததா என்ற கேள்வியும் எழவே செய்யும். உதடு படாமல் அருந்தும் வழக்கத்தில் சுகாதாரம் இருந்தது, உண்மையே. ஆயினும் அதனோடு தீட்டுப் பற்றிய அச்சமும் கலந்திருந்தது. மூக்குப்பேணி ஒருவருக்கு, சிரட்டை இன்னொருவருக்கு என்று பாத்திரமே மனிதரைப் பிரித்து வைத்த காலம் எமது குடாநாட்டில் இருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரும், தேநீர்க் கடையில் சமமாக அமர்ந்து சமமான பாத்திரத்தில் தேநீர் பருகும் உரிமைக்காக 1960 களின் இறுதிவரை ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தில் உயிர்களும் பலியாயின. ஒரு கோப்பைத் தேநீர் இத்தனை விலை பெற்ற வேறு மண் உண்டா என நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குமாரசுவாமியின் சிந்தனையிலும் இவ்விடத்தில் ஒரு குறையை நாம் காண்கின்றோம். தொழில் வழி அமைந்த மரபுச் சமுதாயத்தை அவர் போற்றினார். சாதியமைப்பைத் தொழிற்குழுக்களின் ஒழுங்காகவே பெரிதும் நோக்கினார். அந்த ஒழுங்கின் அடித்தட்டில் நின்றவரின் வலி அவருடைய எழுத்தில் போதியளவு ஒலிக்கவில்லை. கைவினைஞரின் கையை மதித்த அறிஞர், அக்கையிலே திணிக்கப்பட்ட சிரட்டையையும் கண்டிருக்க வேண்டும். பெரியோரைப் போற்றுதல் என்பது அவர்களுடைய குறைகளுக்குக் கண்ணை மூடுவதன்று.

ரிக்கியூவின் தேநீர்க் குடில் இதற்கு ஒரு மாற்றைக் காட்டுகின்றது. அதன் வாயில் மிகச் சிறியது. பிரபுவாயினும் போர்வீரனாயினும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்தே உள்ளே நுழைய வேண்டும். கட்டியான தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பருகுவர். எமது முஸ்லிம் சகோதரரின் சகன் விருந்தும் இதே உண்மையைப் பேசுகின்றது. ஒரு தட்டைச் சுற்றி பலர் அமர்ந்து, செல்வரும் வறியவரும் ஒரே சோற்றில் கை வைக்கும்போது, தட்டின் அகலமே சமத்துவத்தின் அளவாகின்றது. பாத்திரம் மனிதரைப் பிரிக்கவும் வல்லது, சேர்க்கவும் வல்லது. எதற்காக அதை வனைகின்றோம் என்பது எம்மிலேயே தங்கியுள்ளது.

போர்க்காலம் எமது பாத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் பிறந்த மண்ணிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பரம்பரையாகப் பேணிய வீட்டுப் பொருட்களை அவ்வவ்விடத்திலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. முன்னையது எம் கண்முன்னே எம்மவராலேயே அயலவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதை நாம் மறத்தலாகாது. திரும்பி வந்தோரின் வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் எஞ்சியிருந்தால் அதுவே பெரும் பேறு. பிளாஸ்ரிக்கும் எவர்சில்வரும் அந்த வெற்றிடத்தை எளிதாக நிரப்பின. வாழ்வை மீளத் தொடங்கியோர் மலிவானதை வாங்கியதில் குறை காண்பதற்கில்லை.

ஆயினும் ஒன்றைச் செய்யலாம். கண்டி நாட்டுக் கைவினைகளுக்குக் குமாரசுவாமி செய்ததை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எவரும் அதே முழுமையுடன் செய்யவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்கி வருகின்றது. பனையோலைப் பொருட்கள் விற்பனைக்கும் உள்ளன. ஆனால் அவற்றிற் பல, நெல் சுமக்காத கடகங்களாக, புடைக்காத சுளகுகளாக, காட்சியலுமாரியை அலங்கரிக்கும் சிறு பொம்மைகளாகச் சுருங்கிவிட்டன. உபயோகத்திலிருந்து பிரிந்த பொருள் உயிரிழந்த பொருள் என்பதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அந்த அறிஞர் 1943 இல் வெளியிட்ட நூலிலும் எழுப்பிய எச்சரிக்கையாகும். இழைக்கவும் வனையவும் வார்க்கவும் அறிந்த முதியோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். அவர்களிடம் அளவையும் முறையையும் பெயரையும் கேட்டு எழுதி, படம் பிடித்து, பெயர் குறித்துப் பதிவு செய்யும் பணியை எமது பல்கலைக்கழகமும் பாடசாலைகளும் மேற்கொள்ள வேண்டும். தமிழ் வீட்டுக் கலமும் முஸ்லிம் வீட்டுக் கலமும் அப்பதிவில் அருகருகே இடம்பெற வேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, அமெரிக்காவின் நீடம் நகரில் தமது இல்லத்தில் காலமானார். எழுபது வயது நிறைந்து மூன்று வாரங்கள்கூடக் கடந்திருக்கவில்லை. பணி ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பி எளிய வாழ்வு வாழ வேண்டுமென்ற அவரது அவா நிறைவேறவில்லை. அவருக்கு ஒரு வீதியின் பெயரை அளித்ததோடு எமது கடன் தீர்ந்துவிடாது. அடுத்த முறை வீட்டு மூலையில் கிடக்கும் பழைய மூக்குப்பேணியைக் கையில் எடுக்கும்போது, அதை வார்த்தவரின் கைத்திறனையும், அது மறுக்கப்பட்டவரின் தாகத்தையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்ப்போமானால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாக அமையும்.